சாகுந்தலம்: பள்ளியில் பிடித்த துஷ்யந்தனை இப்போது பிடிக்கவில்லை. என் வாசிப்பு தவறா?

மல்லிகைப்பந்தல் கேட்டது:

வணக்கம். காளிதாசரின் சாகுந்தலத்தைப் பள்ளி நாளில் படித்தபோது மூன்றாம் அங்கத்தைத் தாண்டி மனம் போகவில்லை. கொடிவீடு, தாமரை இலையில் நகத்தால் கீறிய கடிதம், மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வரும் அரசன் துஷ்யந்தன், எல்லாமே தித்தித்தன. ஐந்தாம் அங்கத்தில் அவன் சகுந்தலையை யாரென்று தெரியாது என்றபோதுகூட, "சாபம்தானே, பாவம்" என்று அவனுக்காகத்தான் வருந்தத் தோன்றியது. இப்போது கல்லூரியில் திரும்பப் படித்தால் அதே மனிதன்மேல் கோபம் வருகிறது. மூன்றாம் அங்கமே பழையபடி இனிக்கவில்லை.

மூன்று கேள்விகள். ஒன்று, சாபம் இருக்கும்போது துஷ்யந்தனைக் குறை சொல்வது நாடகத்துக்கு வெளியே நின்று பேசுவதாகிவிடுமா? இரண்டு, மகாபாரதக் கதையோடு ஒப்பிட வேண்டுமென்றால் எந்த இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்? மூன்று, வாசிப்பு வட்டத்தில் இருபது நிமிடம் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

தங்கைக்கு,

உங்கள் கோபத்துக்கு நாடகத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீ நினைப்பவன் உன்னை மறப்பான் என்று சகுந்தலைமேல் துர்வாச முனிவரின் சாபம் விழுவது நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில். அதற்கு முந்தைய மூன்று அங்கங்களில் துஷ்யந்தன் செய்த எதற்கும் சாபத்தைக் காரணம் காட்ட முடியாது. அந்த மூன்றையும் பென்சிலோடு படியுங்கள்.

முதல் அங்கத்தில் அவன் தன்னை அரசன் என்று சொல்வதில்லை. பௌரவ அரசன் அறப்பணிகளைக் கவனிக்க அமர்த்திய ஆள் என்கிறான். சகுந்தலை தோழி பிரியம்வதைக்கு இரண்டு மரத்துக்கு நீர் ஊற்றக் கடன்பட்டிருக்கிறாள். அந்தக் கடனைத் தீர்க்க மோதிரத்தைக் கழற்றி நீட்டுகிறான். அதில் பொறித்த பெயரைப் படித்துவிட்டுத் தோழியர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். உடனே, இது அரசர் கொடுத்த பரிசு, வேறு விதமாக நினைக்காதீர்கள் என்கிறான். அந்த மோதிரம் மேடையில் முதலில் தெரிவதே ஒரு மறைப்போடுதான். அவசரமாகப் படித்தால் இந்த இடம் கண்ணில் படாமல் போய்விடும்.

இரண்டாம் அங்கத்தில் அரசனின் வேடிக்கைத் தோழனான விதூஷகன் மாடவ்யன் அவனைக் கேலி செய்கிறான்: பேரீச்சம்பழம் தின்று திகட்டியவனுக்குப் புளியின்மேல் ஆசை வந்த மாதிரி, அந்தப்புரத்தில் அத்தனை பேர் இருக்க உனக்கு இவள்மேல் ஆசை. பிறகு தாயின் நோன்புக்குத் தலைநகர் வரச் சொல்லி ஆள் வருகிறது. தனக்குப் பதிலாக மாடவ்யனை அனுப்பும்போது, இவன் அந்தப்புரத்தில் உளறிவிடுவானே என்ற பயத்தில், "காட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னதெல்லாம் விளையாட்டு" என்று சொல்லி அனுப்புகிறான். ஆக, சகுந்தலையைப் பற்றி முதன்முதலில் "அது உண்மை இல்லை" என்று சொன்னது சாபம் அல்ல, அவனேதான். ஆறாம் அங்கத்தில் சகுந்தலை தொலைத்த மோதிரம் கிடைத்து, நினைவு திரும்பி அவன் புலம்பும்போது, நீ அன்றைக்கே ஏன் நினைவூட்டவில்லை என்று மாடவ்யனைக் கேட்கிறான். நீதான் விளையாட்டு என்றாய், நான் நம்பிவிட்டேன் என்று பதில் வருகிறது. நான்கு அங்கம் கடந்தும் காளிதாசர் அந்தப் பொய்யை மறக்கவில்லை.

மூன்றாம் அங்கத்தில் அனசூயை நேராகவே சொல்லிவிடுகிறாள்: அரசர்களுக்குப் பல காதலிகள் என்று கேள்விப்படுகிறோம், எங்கள் தோழியின் சுற்றத்தார் வருந்தும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அவன், மனைவியர் பலர் இருந்தாலும் கடல் சூழ்ந்த பூமியும் உங்கள் தோழியும் ஆகிய இரண்டே என் குலத்துக்குப் பெருமை என்கிறான். சின்ன வயதில் படிக்கும்போது அந்தப் பதிலின் அழகு காதில் விழுகிறது. வயது ஏற ஏற அனசூயையின் கேள்வி விழுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இனி ஐந்தாம் அங்கம். சகுந்தலை வருவதற்கு முன் உள்ளிருந்து ஒரு பாட்டுக் கேட்கும். அரசனின் அந்தப்புரத்து ஹம்சபதிகை பாடுகிறாள்: மாம்பூவை அப்படி முத்தமிட்ட வண்டே, இப்போது தாமரையில் இருப்பதே போதுமென்று அதை எப்படி மறந்தாய்? ஒருமுறை நேசித்துவிட்டு விட்டவள் என்று அரசனே ஒப்புக்கொண்டு, அவளைச் சமாதானப்படுத்த மாடவ்யனை அனுப்புகிறான். இதில் இரண்டு வேலை நடக்கிறது. சாபமே இல்லாமலும் இவன் மறக்கக்கூடியவன் என்று நமக்குத் தெரிகிறது. சகுந்தலையைப் பற்றிக் காதால் கேட்டிருந்த ஒரே ஆளும் அவையிலிருந்து அகன்றுவிடுகிறான்.

அவையில் அவள் மோதிரம் இல்லாமல் நிற்கிறாள். தீர்க்காபாங்கன் என்ற மான்குட்டியின் கதையைச் சொல்லி நினைவூட்டப் பார்க்கிறாள். தாமரை இலையில் நீ நீர் கொடுத்தபோது அது குடிக்கவில்லை, நான் கொடுத்தபோது குடித்தது, இரண்டும் காட்டு உயிர்கள்தானே என்று நீ சிரித்தாய் என்கிறாள். அவன் பதில்: பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தந்திரம் வரும், குயில் தன் குஞ்சை வேறு பறவைகளைக் கொண்டு வளர்க்கிறதே. சாபம் அவனுடைய நினைவைத்தான் எடுத்தது. பெண்ணினத்தையே இழித்துப் பேசும் அந்த வாயைச் சாபம் கொடுக்கவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

அரங்கவாசி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன சான்றுகள் எல்லாம் சரி. ஆனால் வழக்கறிஞர் மாதிரி ஒரு பக்கச் சான்றை மட்டும் அடுக்கினால் ஐந்தாம் அங்கம் தட்டையாகிவிடும். அரசன் பக்கத்தையும் அதே அளவுக்குப் பாருங்கள்.

முன்பின் தெரியாத ஒரு கர்ப்பிணி, மனைவி என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவனுக்குள் ஓடும் கேள்வி இது: ஒன்று எனக்குப் புத்தி மயங்கியிருக்க வேண்டும், அல்லது இவள் பொய் சொல்ல வேண்டும். மனைவியைக் கைவிட்டவன் ஆவதா, பிறன் மனைவியைத் தீண்டியவன் ஆவதா? விடியற்காலையில் பனி நிறைந்த குந்த மலரை, ஒரு வகை வெண்மல்லிகையை, சுற்றும் வண்டுபோல் எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்கிறான். இப்படி ஒரு அழகு தானாக வந்து நிற்கும்போது வேறு யார் இவ்வளவு யோசிப்பார்கள் என்று வாயிற்காவலில் நிற்பவள் வியக்கிறாள். அதே மயக்கம் அவனை மோசமானவனாகவும் காட்டுகிறது, ஒழுக்கம் உள்ளவனாகவும் காட்டுகிறது. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டால் அந்தக் காட்சி நடிக்கவே வராது. அவனை வெறும் வில்லனாக நடித்தால் சகுந்தலையின் கோபத்துக்கு எதிரே நிற்க எதுவும் இருக்காது. வெறும் அப்பாவியாக நடித்தால் அந்தக் கோபம் பொருளற்றுப் போகும்.

பாட்டைக் கேட்டதும் அவன் சொல்லும் சுலோகத்தையும் விட்டுவிடாதீர்கள். அழகானதைப் பார்க்கும்போதும் இனிய ஒலியைக் கேட்கும்போதும் மகிழ்ச்சியாக இருப்பவனுக்கும் மனம் கலங்குகிறதே, முற்பிறவி அன்பு ஏதோ அறியாமலே நினைவில் எழுகிறது போலும் என்கிறான். மறந்தபிறகும் அடியில் ஏதோ மிச்சம் இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதினால் நாடகத்தின் மிக நுட்பமான வரி கைநழுவிப் போகும்.

இதோடு முதல் அங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். முனிவர் மகளை அரசன் மணக்கலாமா என்ற ஐயம் வந்தபோது, நல்லவர்களுக்குச் சந்தேகம் வரும் இடத்தில் தம் மனத்தின் சாய்வே பிரமாணம் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டவன் இவன். ஐந்தாம் அங்கத்தில் அதே மனம் சாய்கிறது, இந்த முறை அதை நம்ப மறுக்கிறான். ஆசைக்கு வசதியாக இருந்தபோது மனமே சாட்சி. பொறுப்பு வந்தபோது மோதிரம் வேண்டும். காதல் காட்சிகள் இப்போது இனிக்கவில்லை என்கிறீர்களே, இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதல் அங்கம் இனிப்பு குறையாமல் கனம் கூடித் தெரியும்.

சாபம் ஏன் வந்தது என்பதற்கு நாடக இலக்கணம் சார்ந்த காரணமும் உண்டு. நாடகம் என்ற வகையின் தலைவன் உயர்ந்த குணமுள்ளவனாக, தீரோதாத்தனாக இருக்க வேண்டும். மகாபாரதத் துஷ்யந்தனை அப்படியே மேடை ஏற்றினால் அந்த இலக்கணம் உடைந்துவிடும். ஏனென்றால் அங்கே அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

கரையோரன் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஆதி பர்வத்தில் சகுந்தலை உபாக்கியானத்தை (கிளைக்கதையை) எடுத்துக்கொண்டு நான்கு இடங்களை நாடகத்தோடு வைத்துப் பாருங்கள்.

அவள் பிறப்பு: நாடகத்தில் மேனகை, விசுவாமித்திரர் கதையை அனசூயை சொல்கிறாள், சகுந்தலை நாணி நிற்கிறாள். பாரதத்தில் தோழியரே கிடையாது. தன் பிறப்பைச் சகுந்தலையே தன் வாயால் சொல்கிறாள்.

நிபந்தனை: பாரதத்தில் கூடுவதற்கு முன்பே, எனக்குப் பிறக்கும் மகனே இளவரசன் ஆக வேண்டும் என்று கேட்டு வாங்குகிறாள். நாடகத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை. காளிதாசர் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோதிரத்தை வைத்தார். என் பார்வையில் இரண்டு நூல்களுக்கும் இடையில் மிகப் பெரிய மாற்றம் இதுதான், சாபத்தைவிடவும் பெரியது. பேரம் பேசத் தெரிந்த ஒரு பெண், ஒரு பொருளை நம்பி நிற்கும் பெண்ணாகிவிட்டாள். மோதிரம் நழுவினால் அவளுக்கு வாதமே இல்லை.

அவை: பாரதத்தில் அவளோடு மகனும் வருகிறான். வளர்ந்து, சிங்கம் புலியை அடக்கும் பையன். நாடகத்தில் கர்ப்பிணி. பாரத அரசன் நினைவிருந்தும் நினைவில்லை என்கிறான். அவள் மனைவி, மகன், வாய்மை மூன்றையும் பற்றி நீண்ட உரை ஆற்றுகிறாள். கடைசியில் வானிலிருந்து குரல் வருகிறது. எனக்கு முன்பே தெரியும், ஆனால் உன் சொல்லை மட்டும் கேட்டு ஏற்றிருந்தால் ஊர் சந்தேகப்பட்டிருக்கும் என்கிறான் அவன்.

முடிவு: அங்கே எல்லாம் ஒரே அவையில் முடிகிறது. இங்கே ஒளியொன்று அவளைத் தூக்கிப்போக, ஆறாம் அங்கம் முழுக்க அவன் வருந்த, ஏழில் மாரீசர் ஆசிரமத்தில்தான் சந்திப்பு.

ரொமிலா தாப்பர் இந்தக் கதையின் பல வடிவங்களையும், காலந்தோறும் அதைப் படித்த விதங்களையும் வைத்து 1999இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பள்ளியில் படித்ததும் இப்போது படிப்பதும் ஒரே பாடம்தானா, அதாவது மூலத்தின் ஒரே சுவடி வடிவம்தானா, என்று சரிபாருங்கள். சாகுந்தலத்துக்கு வங்காளப் பாடம், தேவநாகரிப் பாடம், காஷ்மீரப் பாடம், தென்னகப் பாடம் என்று பல உண்டு. மூன்றாம் அங்கத்தில் அரசன் தாமரைத்தண்டு வளையலை அவள் கையில் போட்டுவிடுவதும், கண்ணில் விழுந்த மகரந்தத்தை ஊதி எடுப்பதும் இருந்தால் அது வங்காளப் பாட வழி வந்தது. வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலத்தில் பெயர்த்தது அதைத்தான். தேவநாகரிப் பாடத்தில் அந்தக் காட்சி சுருக்கம். அவன் அவள் முகத்தை உயர்த்தும்போதே ஆசிரமத்து மூதாட்டி கௌதமி வந்துவிடுகிறாள். முதலில் நீண்ட பாடத்தையும் பிறகு சுருக்கமானதையும் படித்திருந்தால், "பழையபடி இனிக்கவில்லை" என்பதில் ஒரு பங்கு பதிப்பினுடையது. ஆறாம் அங்கத்தில் மறைந்து நின்று பார்க்கும் அப்சரசின் பெயர் சானுமதியா மிச்ரகேசியா என்று பார்த்தால் எளிதில் தெரிந்துவிடும். மிச்ரகேசி என்றால் வங்காளப் பாடம்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மிக்க நன்றி. வீட்டில் உள்ள பழைய புத்தகத்தில் மகரந்தக் காட்சி இருக்கிறது, இப்போது படிக்கும் பாடநூலில் இல்லை! இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம். அவளுடைய தவறு என்று நாடகம் எதையாவது சொல்கிறதா? தாகூர் தம் கட்டுரையில் முதல் கூடலை ஆசையின் கூடல் என்றும் கடைசிக் கூடலைத் தவத்தால் தூய்மையானது என்றும் சொல்வதாக வகுப்பில் கேட்டேன். அது அவளைத் தண்டிப்பது போல இருக்கிறது.

குறிஞ்சித்தேன் எழுதியது:

தாகூரின் வாசிப்பு பெரிய வாசிப்பு, ஒதுக்க வேண்டாம். ஏழாம் அங்கத்தில் அவள் ஒற்றைச் சடையும் மங்கிய ஆடையுமாக வருவதை அது நன்றாக விளக்கும். ஆனால் அந்த விளக்கத்தில் தவறு, தவம் இரண்டும் அவள் தலையில் கூடுதலாக விழுவது உண்மைதான். நாடகம் பழியை அப்படிப் பங்கிடவில்லை. அவையில் கௌதமி சொல்வதைப் பாருங்கள்: இவள் பெரியவர்களைக் கேட்கவில்லை, நீயும் சுற்றத்தாரைக் கேட்கவில்லை, இருவரும் தனித்துச் செய்த காரியத்தில் யாரை என்ன சொல்வது? அவளை அழைத்து வந்த ஆசிரமச் சீடன் சார்ங்கரவன் இன்னும் கடுமை: தனிமையில் கொள்ளும் உறவை ஆராய்ந்து கொள்ள வேண்டும், மனம் அறியாதவரிடம் வைத்த நட்பு பகையாக மாறும். கௌதமி இருவரையும் சேர்த்துச் சொல்கிறாள். ஆனால் விளைவு ஒருத்தியின் உடம்பில் மட்டும் தெரிகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

தோழியரையும் கணக்கில் சேருங்கள். சாபத்தை இருவரும் காதால் கேட்டார்கள். பிரியம்வதை ஓடிப்போய்க் கெஞ்சி, அடையாள அணியைக் கண்டால் சாபம் தீரும் என்று வாங்கியும் வந்தாள். ஆனால் சகுந்தலையிடம் சொல்லவில்லை. முல்லைக்கொடிக்கு யாராவது வெந்நீர் ஊற்றுவார்களா என்று அன்பினால் மறைத்தார்கள். விடைபெறும்போது, அவர் அடையாளம் காணத் தாமதித்தால் மோதிரத்தைக் காட்டு என்று மட்டும் சொல்கிறார்கள். காரணம் தெரிந்திருந்தால், மோதிரம் நழுவிய சக்ராவதாரத்தில் சசீதீர்த்தத்தை வணங்கும்போது விரலைக் கவனித்திருப்பாளே. காதலைப் பற்றிய நாடகம் என்று படிக்கிறோம். அது நட்பு எங்கே தவறுகிறது என்பதையும் காட்டுகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு வழி உண்டு. வளர்ப்புத் தந்தை கண்ணுவர் இல்லாதபோது நடப்பது காந்தர்வ மணம். தொல்காப்பியக் களவியல் தொடக்கமே, மறையோர் சொல்லும் எட்டு மணங்களில் யாழ்த் துணைமையோர் (கந்தர்வர்) இயல்புதான் களவு என்று இரண்டையும் இணைக்கிறது. ஆகவே குறுந்தொகை 25ஐ, கபிலர் பாடலை, ஐந்தாம் அங்கத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்:

"யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ"

அவன் மணந்த அன்று உடனிருந்தது ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகு ஒன்றுதான். இங்கே குருகு, அங்கே மான்குட்டி. இரண்டும் சாட்சி சொல்ல முடியாதவை. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்ற கற்பியல் நூற்பாவையும் (கரணம் என்பது மணச் சடங்கு) சேர்த்தால், சாட்சியற்ற காதலின் ஆபத்து எவ்வளவு பழைய கவலை என்பது புரியும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரே சிக்கலை இரண்டு மரபுகள் தொட்டிருக்கின்றன, அவ்வளவுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இருபது நிமிடப் பேச்சுக்கு: ஏழு அங்கத்தின் கதையையும் சொல்லத் தொடங்கினால் பன்னிரண்டு நிமிடம் அதிலேயே போய்விடும், வாதம் சொல்ல நேரம் இருக்காது. கதைச் சுருக்கத்தை அரைப்பக்கத் தாளில் அச்சடித்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் ஹம்சபதிகையின் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் படித்து, யார் யாருக்குப் பாடுகிறார் என்று விளக்குங்கள். கேட்பவர்களுக்குத் துஷ்யந்தன் யாரென்று அதிலேயே பிடிபடும். பிறகு பின்னோக்கிப் போய் மாடவ்யனிடம் சொன்ன பொய், மோதிரத்தின் முதல் மறைப்பு, அனசூயையின் கேள்வி, இவற்றுக்கு ஐந்து நிமிடம். அவைக் காட்சிக்கு ஏழு நிமிடம் வையுங்கள். அதில் அரங்கவாசி சொன்ன அரசனின் தடுமாற்றத்தை முதலில் சொல்லிவிட்டு, அடுத்து குயில் பேச்சையும், "அநாரியனே, உன் நெஞ்சைக்கொண்டே எல்லாரையும் அளக்கிறாய், புல் மூடிய கிணறு போன்றவன்" என்ற அவள் பதிலையும் சொல்லுங்கள். வரிசை மாறினால் கேட்பவர் அவன் தடுமாற்றத்தை ஒரு சாக்காக மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

பேச்சுக்குத் தயாராக ஒரு வேலை: நோட்டில் இரண்டு பத்தி போட்டு, சகுந்தலை தானே பேசுவதை ஒன்றிலும், அவளைப் பற்றிப் பிறர் பேசுவதை மற்றதிலும் அங்கவாரியாக எழுதுங்கள். இரண்டாம், ஆறாம் அங்கங்களில் அவள் மேடைக்கே வருவதில்லை. அவள் அழகைப் பற்றிய புகழ்பெற்ற வர்ணனைகள் பலவும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன, ஆறில் படம் எழுதியே பார்த்துக்கொண்டிருக்கிறான். பள்ளி வயதில் நாம் காதல் என்று ரசிப்பதில் பெரும்பகுதி அவள் இல்லாதபோது அவன் பேசியது என்பது அந்தப் பட்டியலில் தெரியவரும். மூலத்தில் அவன் சமஸ்கிருதமும் அவளும் தோழியரும் பிராகிருதமும் பேசுகிறார்கள். தமிழில் எல்லாம் ஒரே நடையில் வந்துவிடுவதால் அந்த இடைவெளி நமக்குக் கேட்பதில்லை. ஒரு வாக்கியத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்.

மீதி ஐந்து நிமிடம் ஏழாம் அங்கத்துக்கு. அவன் காலில் விழுகிறான், அவள் தன் முன்வினை என்கிறாள், மாரீசர் சாபத்தை விளக்குகிறார். இதை மட்டும் சொன்னால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கேட்பவர் எழுந்து போவார்கள். அதற்கு நடுவில் ஒரு சிறு பேச்சு இருக்கிறது, பலரும் தாண்டிவிடுவார்கள். அவன் மோதிரத்தைத் திரும்ப அவள் விரலில் போட வருகிறான். எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, ஆரியபுத்திரரே அணிந்துகொள்ளட்டும் என்று அவள் மறுத்துவிடுகிறாள். உங்கள் பதிப்பில் அந்த வரி இருக்கும் பக்கத்துக்கு அடையாளத் தாள் வைத்துக்கொண்டு, அதை மட்டும் புத்தகத்தைப் பார்த்தே படியுங்கள். மனப்பாடமாகச் சொன்னால் வேகத்தில் போய்விடும்.